காணாமல் போன ரெண்டு கிலோமீட்டர்

நம் பிரஸ்ஸின் விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் என் அனுபவத்திலிருந்து ஏதாவது உருப்படியாகச் சொல்லச் சொன்னார்கள். ஆர்டர் பிடிப்பது எப்படி, வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பது எப்படி என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒரு சின்ன காரின் மைலேஜ் குறைந்தால் ஒரு மேனேஜர் எவ்வளவு பெரிய முட்டாளாக முடியும் என்பதுதான் அது. முழுக்க முழுக்க சொந்த அனுபவம்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போனில் பட்டன் இருந்த காலத்தில் நடந்தது. சிவகாசியில் நம் பிரஸ்ஸுக்கு ஒரு வெள்ளை நிறச் சின்ன கார் இருந்தது. நான் விற்பனை மேனேஜர். அதை ஓட்டியவர் மாடசாமி. என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காருக்குள்தான் குடியிருந்தோம் என்று சொல்லலாம். காலையில் விஸ்வநத்தம், எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போய் லேபிள் ஆர்டர் கேட்போம். மத்தியானம் விருதுநகர், சாத்தூர் என்று கடை கடையாகக் காலண்டர் ஆர்டர் கேட்போம். நான் எப்போதும் பின் சீட்டில் இடது பக்கம். என் பக்கத்தில் காலண்டர் சாம்பிள் ஆல்பம்.

வண்டி புதுசாக வந்தபோது லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்தது. இது எனக்குத் தெரியக் காரணம், வண்டிக்கு நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். பெட்ரோலை எப்போதும் ஒரே பங்கில், வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, டேங்க் நிறையும்வரை போடவேண்டும். போன தடவை போட்டதிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்றைக்கு எத்தனை லிட்டர் பிடித்தது, ஒன்றை ஒன்றால் வகுத்தால் மைலேஜ். எல்லோரும் இதுவரைக்கும் எழுதுவார்கள். நான் அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். மைலேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அங்கே காரணம் எழுதியாகவேண்டும். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்ததில் எனக்கு அப்போது பயங்கரப் பெருமை. பின்னால் அது எனக்கே வினையாக வந்தது.

பதினெட்டு மெதுவாகப் பதினேழானது, பதினாறானது. 'மழை', 'திருத்தங்கல் ரோடு வேலை', 'ரயில்வே கேட்' என்று நானும் சளைக்காமல் காரணம் எழுதிக்கொண்டே வந்தேன். ஆறாவது வருஷம் சித்திரையில் மைலேஜ் பதினாலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்போதும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வினை ஒரு கல்யாணப் பந்தியில் வந்தது.

விருதுநகரில் ஒரு கல்யாணம். நம் முதலாளிக்குப் பக்கத்து இலையில் இன்னொரு பிரஸ் முதலாளி. அவரிடமும் அதே வண்டி, அதே வருஷத்து வண்டி. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நம்ம வண்டி இன்னமும் பதினேழு குடுக்கு. ஒங்களுது எம்புட்டு?" என்று கேட்டார். நம் முதலாளிக்குப் பதில் தெரியவில்லை. எதிர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். முதலாளி பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் பாயசத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"மேனேஜரே, ஆடிப் பதினெட்டுக்குள்ள எனக்குப் பதினேழு வரணும். இல்லேன்னா வண்டியும் போகும், ஓட்டுறவனும் போவான். ரெண்டுல எதுல கோளாறுன்னு நீரே பாத்துச் சொல்லும்."

மாடசாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பெண்ணின் அப்பா பெரிய பிரஸ்ஸில் டிரைவர்' என்பதுதான் அந்த வீட்டின் முதல் அறிமுகமே. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுத்து வந்த காரியங்களையெல்லாம் செய்தேன்.

முதலில் நல்ல பிள்ளையாக மெக்கானிக் பாயிடம் போனேன். விஸ்வநத்தம் போகிற ரோட்டில், நாங்கள் பெட்ரோல் போடும் பங்குக்குப் பக்கத்திலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் நாங்கள் போன ஆறு வருஷமும் அதிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. டயரில் காற்று குறைவு. பிளக் கறுப்பு. எல்லாவற்றையும் சரி செய்தார். அடுத்த தடவை டேங்க் நிறைத்துப் பார்த்தால் பதினஞ்சு. மிச்சம் ரெண்டு கிலோமீட்டரைக் காணவில்லை.

"பாய், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?"

பாய் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். பின்சக்கரத்துக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். "வண்டி பின்னாடி அமுங்கிக் கெடக்கு சார். வெயிட்டு ஜாஸ்தி" என்றார். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பார்த்தது தெரியக்கூடாது என்று உடனே வானத்தையும் பார்த்தார்.

எனக்கு அப்போது எண்பத்தெட்டு கிலோ. அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே குறைத்தேன். ஆறு இட்லி மூன்றானது. சாத்தூரில் வாடிக்கையாளர் வெள்ளரிப் பிஞ்சு கொடுத்தால் வாங்கினேன், காராச்சேவு கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டேன். காராச்சேவை மறுப்பது சாத்தூர்க்காரருக்கு அவமானம். இரண்டு ஆர்டர் அதிலேயே கோணலாகிவிட்டது. போதாததற்கு அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன். ஒரு கடைக்காரர் என் சட்டையைப் பார்த்து, "சிவகாசியில மழையா? அங்கன பெய்ஞ்சா இங்கயும் ரெண்டு தூத்தல் விழுமே" என்று ஆசையாகக் கேட்டார். ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தேன். மைலேஜ் அசையவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, இங்கேதான் கவனிக்கவேண்டும். மேலேயிருந்து நெருக்கினால் நம் மூளை உடனே பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பிவிடும். வண்டி சரி, என் வயிறும் சரி, அப்படியென்றால் மிச்சம் யார்? அன்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவை எடுத்து, காரணம் கட்டத்தில் 'டிரைவர்?' என்று எழுதினேன். ஒரு கேள்விக்குறி போட்டதால் நான் ரொம்ப நியாயமானவன் என்று வேறு நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் மூடிக்குத் தனிப் பூட்டு வாங்கி மாட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். நோட்டை வழக்கம்போல வண்டியின் டேஷ்போர்டில் வைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி பாருங்கள். யார் மேல் சந்தேகமோ அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே அதை எழுதி வைத்திருக்கிறேன்.

மாடசாமி படித்துவிட்டார்.

அதற்கப்புறம் பெட்ரோல் போடப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பத்தடி தள்ளிப் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் பூட்டைத் திறந்து, போட்டு முடித்து, திரும்பப் பூட்டும்வரை அங்கேயே நிற்பார். பங்கில் இருக்கிறவர்கள் அவரையும் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். ஆறு வருஷமாக வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த மனுஷன், "போலாமா சார்", "வந்தாச்சு சார்" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் தப்பு என்று ஆகிவிடுமே என்ற வீம்பு.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் முதலாளியே வந்துவிட்டார். "நானே வண்டியில உக்காந்து பாக்கேன். சிவகாசியிலருந்து விருதுநகர், அங்கயிருந்து சாத்தூர், திரும்பி இங்கன. பதினேழு வந்தாச் சரி, வரலேன்னா மாடசாமி நாளைக்கு வர வேண்டாம்" என்றார். மாடசாமிக்கு எதிரிலேயே சொன்னார். மாடசாமி தலையை ஆட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாய் கடைசியாக ஒருமுறை டயரில் காற்றைப் பார்த்தார். பக்கத்துப் பங்கில் டேங்க் நிறைத்துக்கொண்டு, முதலாளியை ஏற்ற ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்தோம். நான் வழக்கம்போல இடது பக்கம் ஏறினேன். முதலாளி ஒல்லியான மனுஷர். அவருக்குப் பெரிய கார் உண்டு, இந்த வண்டியில் அதற்கு முன் ஏறியதே இல்லை. வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவருக்கு முழங்கால் மோவாயைத் தொட்டது.

"ஏய், காலு வைக்க எடமில்லையேய்யா. இங்கன என்ன கெடக்கு?"

குனிந்து மேலே கிடந்த துண்டை விலக்கினார். விலக்கியவர், பாம்பை மிதித்த மாதிரி கீழே குதித்தார். செருப்பை உதறினார். கன்னத்தில் பட் பட்டென்று போட்டுக்கொண்டார். அவர் கால் வைத்திருந்தது பழனி ஆண்டவர் மேல்.

"ஆல்பமாய்யா? போன வருஷ ஆல்பத்தையா இங்கன போட்டு வச்சிருக்கீக?"

"இல்ல மொதலாளி" என்றார் மாடசாமி, ரொம்ப நிதானமாக. "இது அதுக்கு முந்தின வருஷம். போன வருஷம் டிக்கில இருக்கு. அதுக்கும் முந்தினது சீட்டுக்கு அடியில இருக்கு. மொத வருஷம் ஸ்டெப்னிக்குப் பக்கத்துல."

"ஏம்ய்யா?"

"மேனேஜர் சார்தான், சாமி படம், தூக்கிப் போட்டுறாதீக, வண்டியிலயே இருக்கட்டும்னாக. வருசா வருசம் சொன்னாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உங்களுக்கும் இது சீக்கிரமே வரும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். நம் பிரஸ்ஸில் சாமி படம் அச்சாகும்போது தினமும் மூட்டை மூட்டையாக வேஸ்ட் போகும். அதை யாரும் பாவமென்று நினைப்பதில்லை. மூட்டையில் முகம் தெரியாது. ஆனால் சாம்பிள் ஆல்பம் அப்படி இல்லை. ஆடிப் பதினெட்டு அன்றைக்குப் புது ஆல்பங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளி தன் கையால் சூடம் காட்டித்தான் வண்டிக்கு ஆறேழாக எங்களிடம் கொடுப்பார். பொட்டு வைத்த சாமியை எப்படித் தூக்கி எறிவது? அடுத்த ஆடி வந்தால் பழைய ஆல்பத்தில் ஒரு ஆர்டரும் வாங்க முடியாது. எறியவும் முடியாது, எரிக்கவும் முடியாது, எடைக்குப் போடவும் முடியாது. அதனால் நான் வருஷா வருஷம் அதையே சொன்னேன். சொன்ன மறுநிமிஷம் மறந்தேன்.

எனக்கு ஆறு வருஷமும் அது கண்ணிலேயே படவில்லையா என்று கேட்பீர்கள். தினமும் பட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த அடுக்கின் மேல் துண்டை விரித்து என் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு வந்தவனே நான்தான். கால் மட்டும் வைத்ததில்லை. அவ்வளவு பக்தி. விற்பனைக்காரனுக்கு சாம்பிள் என்பது அவன் சட்டைப் பையில் இருக்கும் பேனா மாதிரி. அதற்கும் எடை உண்டு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"மாடசாமி, நீராவது வெயிட்டுன்னு சொல்லியிருக்கலாமேய்யா" என்றார் முதலாளி.

"லோடுன்னா பெட்டி பண்டல்தான மொதலாளி. இது சாமியாச்சே. சாமியப் போயி லோடுன்னு சொல்லுவாகளா?"

பாயைப் பார்த்தோம். டிக்கியை எத்தனை தடவை திறந்து மூடியவர் அவர். "சேல்ஸ் வண்டின்னா ஆல்பம் இருக்கத்தான செய்யும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு ஒரு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினார். பாதியில் மெக்கா படம் வந்தது. அதற்கு அடுத்த பக்கம் வேளாங்கண்ணி மாதா. பாய் ஆல்பத்தை மூடி இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டார். "இதுல எங்களுதும் இருக்கு. கீழ வைக்காதீக" என்றார். ஒர்க்‌ஷாப் தரை முழுக்க ஆயில். எங்கே இறக்குவது?

பாய் உள்ளேயிருந்து புதுப்பாயும் ஒரு போர்வையும் கொண்டுவந்து விரித்தார். நாங்கள் நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சித்திரை வெயிலுக்குச் சளைக்காத ஆடி வெயிலில், சுடுகிற சிமெண்டுத் தரையில் தையா தக்கா என்று குதித்துக்கொண்டே சாமிகளை இறக்கினோம். முப்பத்தி நாலு ஆல்பம். ரோட்டில் போன ஒரு அம்மா வண்டிக்குள்ளிருந்து விநாயகர், முருகர், மகாலட்சுமி என்று வரிசையாக இறங்குவதைப் பார்த்து, நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். முதலாளிக்கு எடை தெரிந்தாக வேண்டுமாம். பாயிடம் பழைய இரும்பு நிறுக்கும் தராசு இருந்தது. மாடசாமி அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஒரு ஆல்பத்தையும் வைக்க விடவில்லை. நூற்றைம்பத்தெட்டு கிலோ. கிட்டத்தட்ட என்னைப் போல இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மூன்று இட்லியோடு பட்டினி கிடந்து மைலேஜ் ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

இறக்கி முடித்ததும் வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. டேங்க்கை மறுபடி தளும்ப நிறைத்துவிட்டு, பாயைச் சாமிகளுக்குக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பினோம். மாடசாமி அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு தேவையில்லாத பிரேக் இல்லை. கேட்டில் ரயிலுக்கு நின்றபோது இன்ஜினை அணைத்தார். முதலாளி மூச்சுக்கூட சத்தமாக விடவில்லை. நான் வழியெல்லாம் பழனி ஆண்டவரைத்தான் வேண்டிக்கொண்டேன். இறக்கிவிட்ட கோபத்தில் ஏதும் செய்துவிடக்கூடாதே.

திரும்பி வந்து அதே பங்கில், அதே இடத்தில் நிறுத்தினோம். மாடசாமி வழக்கம்போல இறங்கிப் பத்தடி தள்ளிப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் போய், பெட்ரோல் மூடிச் சாவியை அவர் கையைப் பிரித்து வைத்தேன்.

"நீரே தொறந்து போடும் மாடசாமி. நான் எழுதுனது தப்பு. பெரிய தப்பு."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "மூணு கிலோ எளைச்சீகளே, அது போதும் சார்" என்று மட்டும் சொன்னார். போய் மூடியைத் திறந்தார்.

பதினேழும் இரண்டு புள்ளியும். முதலாளி கணக்கை மூன்று தடவை வகுத்துப் பார்த்தார். அப்புறம் செல்போனை எடுத்து, அந்தக் கல்யாணப் பந்திக்காரருக்குப் போன் போட்டு, வேறெதுவும் சொல்லாமல் "பதினேழு புள்ளி ரெண்டு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் நோட்டையும் சிவப்புப் பேனாவையும் மாடசாமியிடம் நீட்டினேன். காரணம் கட்டத்தில் நீரே எழுதும் என்றேன். அங்கே என் பெயர்தான் வரவேண்டும். அவருக்கும் தெரியும். அவர் வண்டியின் பானெட்டில் நோட்டை வைத்து, எழுத்துக் கூட்டி, 'சாமி படம்' என்று எழுதினார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆறு வருஷ முட்டாள்தனத்துக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் சாமிகள் தலையில் கட்டிவிட்டார் மாடசாமி.

ஆல்பங்கள் என்ன ஆயிற்று என்றால், அடுத்த வாரம் எம். புதுப்பட்டியில் வேலை விட்டு வருகிறவர்களுக்கு ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்தோம். முருகருக்குத்தான் அடிபிடி. கால் மணி நேரத்தில் எல்லாச் சாமிகளும் வீடு போய்ச் சேர்ந்தன. மீதி நின்றது, ஆல்பத்தில் சாமிகளுக்கு நடுவே இயற்கைக் காட்சியாகச் சேர்த்திருந்த பனிமலைப் படங்கள் மட்டும். "இதையாவது தூக்கிப் போடுவோம்" என்றேன். "திருவண்ணாமலையில மலையத்தான சார் கும்புடுதோம்" என்று மாடசாமி அவற்றைத் திரும்ப டிக்கியில் வைத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடியிலும் பழைய ஆல்பத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவது நம் பிரஸ்ஸின் வழக்கமாகிவிட்டது. நீங்களும் செய்வீர்கள். ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொன்னேன்.

சில வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து மாடசாமி பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். கையில் அந்த நோட்டும் இருந்தது.

"பதினெட்டு வந்துருச்சு சார். புதுசுல குடுத்த அதே பதினெட்டு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் எழுதியிருந்தது. காரணம் மட்டும் காலியாக இருந்தது.

"காரணம் எழுதலையே மாடசாமி?"

அவர் தலையைச் சொறிந்தார். "என்னன்னு எழுத? எண்பத்தஞ்சு கிலோ வண்டிய விட்டு எறங்கிப் போயிருச்சு. அதான் காரணம். நான் எழுத மாட்டேன் சார். அந்தக் கட்டத்துல தன் பேரப் பாத்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நான் எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து வந்தேன். சிவப்புப் பேனாதான் கிடைத்தது. அந்தக் கட்டத்தில் 'மேனேஜர்' என்று எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை.